தூக்கத்துக்கு எந்த மாத்திரை? மருந்துக் கடைக்காரரின் ஒப்பீடு

"பவர் கம்மியா ஒரு தூக்க மாத்திரை குடுங்க" என்று கேட்பவர்கள்தான் அதிகம். மதுரையில் மருந்துக் கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். கேட்பவர் மனதில் இருக்கும் கணக்கு எளிது: அட்டையில் 0.25 என்று போட்டிருந்தால் லேசானது, 10 என்று போட்டிருந்தால் கனமானது. அந்தக் கணக்கு தப்பு. பழைய ஆட்கள் காம்போஸ் என்று சொல்லும் டயாசெபாம் 5 முதல் 10 மி.கி. செய்கிற வேலையை, அல்பிரசோலம் அரை மி.கி.யே செய்துவிடும். குளோனசெபாமும் அப்படித்தான். ஒரே மருந்துக்குள் எண்ணை வைத்து ஏற்ற இறக்கம் பார்க்கலாம். ஒரு மருந்தை இன்னொரு மருந்தோடு எண்ணை வைத்து ஒப்பிட முடியாது.

அப்புறம் எதை வைத்து ஒப்பிடுவது? நான் பார்ப்பது நான்கு விஷயங்கள். எவ்வளவு சீக்கிரம் பிடிக்கிறது, எவ்வளவு நேரம் உடம்பில் நிற்கிறது, வயதானவர்களை என்ன செய்கிறது, நிறுத்துவது எவ்வளவு கஷ்டம். கடைசிக் கேள்வியை வாங்க வருபவர்கள் கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால் முதலில் கேட்க வேண்டியதே அதுதான்.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. "தூக்கம் வரலை" என்று ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் நாலைந்து வேறு வேறு வியாதிகள் இருக்கும். படுத்து ஒரு மணி நேரம் புரள்பவர் ஒரு வகை. நன்றாகத் தூங்கி மூன்று மணிக்கு முழித்துக்கொள்பவர் வேறு வகை. விடியற்காலையில் முழித்து, மனசு கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வின் அடையாளமாகவும் இருக்கலாம். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவருக்கு இருப்பது மூச்சுத் தடை. அவருக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் நிலைமை மோசமாகும். பிறகு, வேறு மருந்து தூக்கத்தைக் கெடுப்பது. பிரஷருக்குக் கொடுத்த நீர் மாத்திரையை ராத்திரி போட்டுவிட்டு நாலு தடவை எழுந்து போகிறவர்கள், மூட்டுவலிக்குக் கொடுத்த ஸ்டீராய்டைச் சாயங்காலம் போடுகிறவர்கள் எல்லாம் தூக்க மாத்திரை கேட்டு வருகிறார்கள். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு அந்த மாத்திரையைக் காலைக்கு மாற்றினாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும் என்பது என் அனுபவம்.

காபியையும் சொல்ல வேண்டும். உள்ளே போன காஃபீனில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் குடித்த டபுள் ஸ்ட்ராங்கில் பாதி நள்ளிரவிலும் ரத்தத்தில் இருக்கிறது.

சில தூக்கமின்மைக்கு ஒன்றுமே செய்யாமல் இருப்பதும் ஒரு வழிதான். சித்திரைத் திருவிழாவில் மூன்று நான்கு ராத்திரி முழித்தவர்கள், அழகர் மலைக்குத் திரும்பிய கையோடு "நேரம் மாறிப்போச்சு" என்று வருவார்கள். ஒரு வாரம் ஒரே நேரத்துக்கு எழுந்தால் போதும். வீட்டில் சாவு விழுந்து பத்து நாள் தூங்காமல் இருப்பவரும் நோயாளி இல்லை, துக்கத்தில் இருக்கிறார். அவருக்கு டாக்டர் மூன்று நாளோ ஐந்து நாளோ மாத்திரை எழுதினால் அது நியாயம். வாரத்தில் மூன்று ராத்திரிக்குக் குறையாமல், மூன்று மாதமாகத் தொடர்ந்தால்தான் நாள்பட்ட தூக்கமின்மை என்கிறார்கள். நான் பார்த்தவரை, முதல் வகைக்குக் கொடுத்த மாத்திரை இரண்டாம் வகைக்கு நீண்டுவிடுவதில்தான் கோளாறே ஆரம்பிக்கிறது.

சரி, மாத்திரைகளுக்கு வருவோம்.

சீட்டு இல்லாமல் கைக்குக் கிடைக்கும் என்று மக்கள் நினைப்பது அவில், சி.பி.எம். போன்ற அரிப்பு, சளி மாத்திரைகள். மூளையை முழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினைத் தடுப்பதால் கண் சொருகும். ஆனால் மூன்று நான்கு நாளில் உடம்பு பழகிவிடும். அதற்கு மேல் தூக்கம் வராது, மற்றதெல்லாம் மட்டும் வரும். வாய் வறட்சி, மலச்சிக்கல், புராஸ்டேட் வீங்கிய பெரியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வது, சில பேருக்கு ராத்திரியில் இடம் காலம் தெரியாத குழப்பம். அறுபத்தைந்து தாண்டியவர்களுக்குத் தூக்கத்துக்கென்று இதைக் கொடுப்பது, லேசானது என்ற நினைப்பில் செய்யும் தப்பான தேர்வு.

அடுத்தது அல்பிரசோலம், குளோனசெபாம், லோராசெபாம், நைட்ரசெபாம், டயாசெபாம் என்று 'பாம், லாம்' என முடியும் குடும்பம். தூக்க மாத்திரை என்று நம் ஊரில் சொன்னால் பெரும்பாலும் இதுதான். மூளையில் காபா என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது. நரம்பணுவை அடக்குவது அதன் வேலை. காபா வந்து ஒட்டும்போது அணுவுக்குள் குளோரைடு போகும் வழி திறக்கும், அணு அமைதியாகும். இந்த மாத்திரைகள் அந்த வழி அடிக்கடி திறக்கும்படி செய்கின்றன. இதற்கு முன்னால், 1903இல் தொடங்கி அரை நூற்றாண்டுக்கு மேல், பார்பிட்யூரேட்டுகள்தான் தூக்க மருந்தாக ஓடின. அவை அளவு கூடினால் காபா இல்லாமலேயே அந்த வழியைத் திறந்துவிடும், மூச்சே நின்றுபோகும். இந்தக் குடும்பத்தின் முதல் மாத்திரைகளான லிப்ரியம் 1960இலும் வேலியம் (டயாசெபாம்தான்) 1963இலும் விற்பனைக்கு வந்தபோது டாக்டர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதற்குக் காரணம் இதுதான்: காபா இருந்தால்தான் இவற்றுக்கு வேலை, அதனால் ஓரளவுக்கு மேல் அழுத்தாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு தனியாகச் சாப்பிடும்போது மட்டும். சாராயத்தோடும், டிரமடால் மாதிரி வலி மாத்திரையோடும், கோடீன் கலந்த இருமல் டானிக்கோடும் சேர்ந்தால் மூச்சு குறையும். 2016இல் அமெரிக்க மருந்துத் துறை, டிரமடால், கோடீன் போன்ற ஓபியாய்டு வகை மருந்துகளோடு இவற்றைச் சேர்ப்பதற்கு எதிராக மருந்தின் விவரக்குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது.

இந்தக் குடும்பத்துக்குள் வித்தியாசம் நேரத்தில்தான். அல்பிரசோலத்தில் பாதி கழிய சுமார் 11 மணி நேரம், வயதானவர்களுக்கு 16 வரை போகும். குளோனசெபாமுக்கு 30 முதல் 40 மணி நேரம். அதாவது திங்கள் ராத்திரி பத்து மணிக்குப் போட்டதில் பாதிக்கு மேல் செவ்வாய் ராத்திரி அடுத்ததைப் போடும்போதும் உள்ளேயே இருக்கிறது. ஒரு வாரம் ஆகும்போது உடம்பில் நிற்பது ஒரு மாத்திரை அளவைவிட அதிகம். டயாசெபாம் இன்னும் நீளம்; கல்லீரல் அதை உடைத்துத் தரும் பொருளும் தூங்க வைக்கும் பொருள்தான், அதில் பாதி கழியவே நாலு நாள் வரை ஆகும். அப்படியானால் குறைந்த நேரம் நிற்பது நல்லதா? பகல் மந்தத்துக்கு நல்லது. நிறுத்துவதற்குக் கெட்டது. சட்டென்று இறங்கும் மருந்தை நிறுத்தினால் உடம்பு சட்டென்று தேடும். அல்பிரசோலத்தை விடுவது கடினம் என்று பெயர் எடுத்திருப்பது அதனால்தான்.

இன்னொன்று. இவை கொடுக்கும் தூக்கமும் இயல்பான தூக்கமும் ஒன்றில்லை. நேரம் கூடும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்தின் பங்கு குறையும். "எட்டு மணி நேரம் தூங்குறேன், ஆனா தூங்கின மாதிரியே இல்லை" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

வயதானவர்களிடம் இதன் விலை விழுவதில் தெரியும். உசிலம்பட்டிப் பக்கம் பழைய வீடுகளில் கழிப்பறை பின்வாசலுக்கு வெளியே இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, ஒரு படி இறங்கி, அரை இருட்டில் நடக்க வேண்டும். மாத்திரையின் தள்ளாட்டத்தில் அந்தப் படியில் சறுக்கினால் இடுப்பு எலும்பு. எழுபது வயதில் இடுப்பு உடைவது தூக்கமின்மையைவிடப் பெரிய வியாதி.

அல்பிரசோலம், டயாசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம் எல்லாம், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகளுக்கான எச்1 பட்டியலில் இருக்கின்றன. அட்டையில் சிவப்புக் கட்டம் இருக்கும். 2014 முதல் இதற்கென்று தனி ரிஜிஸ்டர்: எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எத்தனை மாத்திரை என்று எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். சீட்டு இல்லாமல் கொடுக்காத கடைக்காரர் மேல் கோபப்பட வேண்டாம். ஒரு ஆத்தா சீட்டை லேமினேட் போட்டே கொண்டுவருவார். "எத்தனை வருசமா போடுறீக?" என்று கேட்டேன். "எங்க வீட்டுக்காரர் போனதுல இருந்துதான்யா. கால் மாத்திரைதானே, அதைப் போட்டாத்தான் கண்ணு மூடுது" என்றார். சீட்டில் எழுதியிருந்தது பதினைந்து நாளைக்கு. நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வார்டில் எழுதியது, டிஸ்சார்ஜ் சீட்டிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வருடக்கணக்கில் ஓடுவதும் உண்டு.

சோல்பிடெம் புதிய தலைமுறை. அதே காபா வாசலில் தூக்கத்துக்கான பகுதியை மட்டும் குறிவைத்துப் பிடிக்கும். அரை மணி நேரத்தில் வேலை செய்யும், பாதி கழிய இரண்டரை மணி நேரம்தான். படுத்தவுடன் தூக்கம் வராதவருக்கு அல்பிரசோலத்தைவிட இது பொருத்தம். மூன்று மணிக்கு முழிப்பவருக்கு அவ்வளவு உதவாது. குறைகளும் இருக்கின்றன. பெண்கள் உடம்பில் இது மெதுவாகக் கழிவதால் காலையிலும் மந்தம் இருக்கிறது என்று கண்டு, 2013இல் அமெரிக்காவில் பெண்களுக்கான அளவை 10இலிருந்து 5 மி.கி.யாகக் குறைத்தார்கள். இங்கே 10 மி.கி. எழுதிய சீட்டைக் கொண்டுவரும் பெண்களிடம், டாக்டரை ஒருமுறை கேட்டுக்கொள்ளச் சொல்வேன். தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது, காலையில் ஒன்றும் ஞாபகம் இல்லாமல் இருப்பது போன்றவையும் சிலருக்கு நடக்கும்; 2019இல் அதற்கும் கட்டம் கட்டிய எச்சரிக்கை வந்தது. போட்டால் உடனே படுத்துவிட வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டு சீரியல் பார்ப்பவர்களுக்கு இது ஆகாது. மாட்டுத்தாவணியிலிருந்து விடியலில் வண்டி எடுக்கும் டிரைவருக்கும் ஆகாது. ஏழெட்டு மணி நேரம் படுக்க முடிகிறவருக்கு மட்டும்தான்.

மெலடோனின் கதை வேறு. இது தூங்க வைப்பதைவிட, 'ராத்திரி ஆகிவிட்டது' என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், படுத்ததிலிருந்து தூங்குவதற்கு ஆகும் நேரத்தைச் சராசரியாகச் சுமார் 7 நிமிடம்தான் குறைக்கிறது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் கடிகாரம் தப்பியவர்களுக்கு இது சரியான ஆயுதம்: அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கியவர், மில்லில் ஷிப்ட் மாறுகிறவர், ராத்திரி இரண்டு மணிக்கு மேல்தான் தூக்கம் வரும் கல்லூரிப் பையன். 1 முதல் 3 மி.கி. போதும், படுக்கும்போது போடாமல் ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும். பூ மார்க்கெட் வியாபாரிகள் மாதிரி விடியும் முன்னே வேலைக்குப் போகிறவர்கள் இதோடு வெளிச்சத்தையும் கவனிக்க வேண்டும். சாயங்காலம் போனையும் டியூப் லைட்டையும் குறைக்காமல் மெலடோனின் போடுவது வீண். பழக்கமாகிவிடும் பயம் இதில் இல்லை என்பது பெரிய ஆறுதல்.

ஓரெக்ஸின் தடுப்பான்கள் என்று இன்னொரு வகையும் உண்டு. முழிப்பைத் தூக்கி நிறுத்தும் ஓரெக்ஸின் 1998இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தடுக்கும் சுவோரெக்ஸன்ட் 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, லெம்போரெக்ஸன்ட் 2019இல். காபாவைத் தொடாமலே வேலை செய்வதால் நிறுத்துவது எளிது. விலைதான் கடிக்கும்.

மனச்சோர்வு மாத்திரைகளைச் சிறிய அளவில் தூக்கத்துக்கு எழுதுவதும் வழக்கம்: அமிட்ரிப்டிலின் 10, மிர்டாசபின் 7.5. வலியோடு தூக்கமின்மை இருப்பவருக்கு முன்னது, மனச்சோர்வும் பசியின்மையும் சேர்ந்திருப்பவருக்குப் பின்னது நல்ல தேர்வு. வெறும் தூக்கத்துக்கு என்றால் யோசிக்க வேண்டும்; அமிட்ரிப்டிலினுக்கு அவிலின் குறைகள் எல்லாம் உண்டு, மிர்டாசபினில் எடை ஏறும்.

நாட்டு மருந்தில் அமுக்கரா சூரணம் கேட்டு வருபவர்கள் உண்டு. பாலில் கலந்து குடித்தால் தூக்கம் கொஞ்சம் தேவலை என்று சொல்லும் சிறிய ஆய்வுகளும் இருக்கின்றன. தைராய்டு மாத்திரை போடுபவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் சித்த மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். ஜாதிக்காயைச் சிட்டிகைக்கு மேல் போட வேண்டாம், அளவு கூடினால் அது விஷம். ராத்திரி ஒரு கட்டிங் போட்டால் தூங்கலாம் என்பவர்களுக்கு: சாராயமும் காபாவைத்தான் பிடிக்கிறது, சீக்கிரம் தூங்க வைக்கும், பாதி ராத்திரியில் அது இறங்கும்போது முழிக்க வைக்கும். அதோடு மாத்திரையையும் சேர்ப்பவர் உயிரோடு விளையாடுகிறார்.

இனி மாத்திரை இல்லாத வழி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது மாத்திரை இல்லை, தூக்கத்துக்கான நடத்தை சிகிச்சை என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் வழிகாட்டியது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் அடுத்த வருடம் அதையே சொன்னது. மருந்து விற்பவன் இதைச் சொல்வது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் நான்கு கேள்விகளையும் வைத்துப் பார்த்தால் இதுதான் முன்னால் நிற்கிறது, ஒன்றைத் தவிர: சீக்கிரம் பிடிக்காது. பலன் தெரிய மூன்று நான்கு வாரம் ஆகும்.

இதன் நடுநாயகம், படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பது. ஒன்பது மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழும் ஒருவர், இரண்டு வாரம் நோட்டில் குறித்துப் பார்த்தால், உண்மையில் தூங்குவது ஐந்தரை மணி நேரம். மீதி மூன்றரை மணி நேரம் புரள்கிறார். அவர் இனி பன்னிரண்டரைக்குத்தான் படுக்க வேண்டும், ஆறு மணிக்கு எழுந்தே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும். ஐந்து மணி நேரத்துக்குக் கீழே யாருக்கும் குறைப்பதில்லை. முதல் வாரம் நரகம். பகலில் கண் எரியும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாய் கூப்பிடும், போகக் கூடாது. இரண்டாம் வாரத்தில் தூக்கம் இறுகும். படுத்த நேரத்தில் 85 சதவீதம் தூங்குகிறார் என்றானதும் கால் மணி நேரம் கூட்டலாம். இப்படியே வாரம் கால் மணி நேரமாக. கூடவே இன்னொரு விதி: இருபது நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் எழுந்து வேறு இடத்தில் உட்கார வேண்டும், தூக்கம் சொக்கினால்தான் திரும்பிப் படுக்க வேண்டும்.

ஒரே ஹாலில் ஆறு பேர் வரிசையாகப் படுக்கும் வீட்டில் 'வேறு இடம்' எங்கே என்று கேட்பீர்கள். திண்ணை, அடுப்படி, மாடிப்படி, எதுவானாலும் சரி. மே மாதத்தில் இன்னொரு தடை: தூங்க உடம்புச் சூடு கொஞ்சம் இறங்க வேண்டும், பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரி பன்னிரண்டு வரை சூட்டைக் கக்கும். சாயங்காலம் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றுவதும், கொசுவலையோடு மாடியிலேயே படுப்பதும் நம் ஊர்க்காரர்கள் ஏற்கெனவே கண்டுபிடித்த வைத்தியம்.

வலிப்பு நோய் உள்ளவர்கள், இருதுருவ மனநோய் உள்ளவர்கள், கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் இந்த நேரக் குறைப்பைத் தாமாகத் தொடங்கக் கூடாது. மற்றவர்களுக்கும் ஆள் துணை இருந்தால் நல்லது. கோரிப்பாளையம் பக்கத்திலிருக்கும் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 'மனநல' என்ற பெயரைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் 14416 டெலிமானஸ் எண்ணை இலவசமாகக் கூப்பிடலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். சாக வேண்டும்போல எண்ணம் வருகிற யாருக்கும் இதுதான் முதல் வேலை. வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை வேறொருவர் பூட்டி வைத்துக்கொள்ளட்டும்.

அப்படியானால் எதைத் தேர்வு செய்வது? என் கணக்கு இது. பத்து நாள் துக்கம், ஆபரேஷனுக்கு முந்தைய ராத்திரி மாதிரி சின்ன விஷயத்துக்கு டாக்டர் எழுதும் மாத்திரை போதும், எண்ணி வாங்க வேண்டும், பத்து வேண்டுமென்றால் முழு அட்டை பதினைந்து வேண்டாம். கடிகாரம் தப்பியவருக்கு மெலடோனினும் காலை வெயிலும். மாதக்கணக்கில் தூங்காதவருக்கு நடத்தை சிகிச்சை. தாங்க முடியாத முதல் இரண்டு வாரத்துக்கு மட்டும் சோல்பிடெம் துணைக்கு வரலாம். குறட்டைக்காரருக்கு எந்த மாத்திரையும் வேண்டாம், முதலில் மூச்சுப் பரிசோதனை. அறுபத்தைந்து தாண்டியவருக்கு பாம், லாம் குடும்பத்தைப் புதிதாக ஆரம்பிக்கவே கூடாது என்பேன். இதில் டாக்டர்கள் சிலர் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

ஏற்கெனவே வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாகத் தூக்கம் போகும், கை நடுங்கும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பே வரும். டாக்டரைக் கேட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்திலிருந்து இருபத்தைந்து சதவீதம் என்று இறக்க வேண்டும்; கடைசிக் கால் மாத்திரைதான் அதிக நாள் பிடிக்கும். குறைத்த ராத்திரிகளில் வரும் தூக்கமின்மை நோய் திரும்பியதற்கு அடையாளம் இல்லை, பெரும்பாலும் சில நாளில் அடங்கும். மாத்திரையைப் பாதியாக, காலாக உடைக்கக் கட்டர் கிடைக்கும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்றோ சி.ஆர். என்றோ போட்டிருந்தால் மட்டும் உடைக்கவே கூடாது: ராத்திரி முழுக்க மெதுவாக இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். அதற்குப் பதிலாகச் சாதா மாத்திரை எழுதித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.